கத்திரி வெயிலில் ஒரு வாசிப்பு வாரம்

கோடை விடுமுறை பள்ளிப் பிள்ளைகளுக்கு உரியது. டயாலிசிஸ் செய்துகொள்ளும் எங்களைப் போன்றோருக்குக் கத்திரி வெயிலும் ஒன்றுதான், கார்த்திகைக் குளிரும் ஒன்றுதான். திங்கள், புதன், வெள்ளி என்று முறை வைத்துவிட்டால் அந்தந்த நாளில் வந்தாக வேண்டும். ஒரு முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம். வாரத்துக்கு 12 மணி நேரம். படிப்பதற்கு நேரமில்லை என்று பணிக்காலம் முழுவதும் சொல்லிக்கொண்டிருந்தவனுக்கு இப்போது அந்த நேரம் வேறு வடிவில் வந்து சேர்ந்திருக்கிறது. ஆகவே இந்த மே மாதத்தில் ஒரு வாரத்தை வாசிப்புக்கென்றே வகுத்துக்கொண்டேன். அந்த வாரம் எப்படிச் சென்றது என்பதையும், இனி என்ன படிக்க எண்ணியிருக்கிறேன் என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்கிறேன்.

முதலில் நூல்களைத் தெரிவு செய்த முறை. டயாலிசிஸ் நடக்கும்போது ஃபிஸ்டுலா உள்ள கையை அசைக்கலாகாது. எனவே ஒரே கையால் பிடித்து, அதே கையின் பெருவிரலால் பக்கம் புரட்டத்தக்க மெல்லிய நூல்களே மருத்துவமனைக்கு ஏற்றவை. கனத்த நூல்களை வீட்டில் தலையணைமேல் சாய்த்து வைத்துப் படிக்கலாம். கைப்பேசியில் படிப்போர் எழுத்தைப் பெரிதாக்கிக்கொள்ளலாம். மதுரைத் திட்டத்தின் இணையதளத்தில் பழைய தமிழ் நூல்கள் பல இலவசமாகவே கிடைக்கின்றன.

திங்களன்று அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நாவலைத் தொடங்கினேன். சென்னையில் குடிநீர்ப் பஞ்சம் நிலவிய காலத்தில், ஒரு தெருவில் வாழும் ஜமுனா, அவள் தங்கை சாயா, அண்டையிலுள்ள டீச்சரம்மா ஆகியோரின் கதை அது. குழாயடியில் குடத்தோடு காத்திருப்பதும், பம்பை அடித்து அடித்துச் சிறிதளவு நீர் பெறுவதும் பக்கத்துக்குப் பக்கம் வருகின்றன. கோடையில் அளந்து நீர் அருந்தும் எங்களுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. சிறுநீரகம் வேலை செய்யாதபோது குடிக்கும் நீர் உடலிலேயே தங்கிவிடுவதால், ஒவ்வொருவருக்கும் ஓர் அளவை மருத்துவர் வரையறுத்திருக்கிறார். மாம்பழமும் இளநீரும் தெருவெல்லாம் குவிந்திருக்கும் மாதத்தில், பொட்டாசியத்துக்கு அஞ்சி அவற்றை விலக்கி நடக்கிறோம். தாகத்தை மறப்பதற்காகப் படிக்கத் தொடங்கிய எனக்கு, தாகத்தைப் பற்றியே ஒருவர் இவ்வளவு நிதானமாக எழுதியிருப்பது ஆறுதலாக இருந்தது. புலம்பல் ஏதுமின்றி அடுத்த குடத்தை நிரப்பும் வழியைத் தேடும் மனிதர்களோடு அந்த 4 மணி நேரம் கழிந்தது.

செவ்வாய் வீட்டில். டயாலிசிஸுக்கு மறுநாள் உடல் அயர்ந்திருக்கும்; நீண்ட வாக்கியங்களில் மனம் நிற்காது. அத்தகைய நாளுக்குச் சிறுகதையே உகந்தது. கி. ராஜநாராயணனின் ‘கதவு’ கதையைப் படித்தேன். வரி பாக்கிக்காக வீட்டுக் கதவையே கழற்றிக்கொண்டு போய்விட, அதில் ஏறி விளையாடிய குழந்தைகள் அதைத் தேடும் கதை. சில பக்கங்களே, ஆயினும் அன்று முழுவதும் அதையே எண்ணிக்கொண்டிருந்தேன்.

புதன்கிழமை ‘தண்ணீர்’ முடிந்தது. மூன்றாம் மணி நேரத்தில் எழுத்துகள் சற்று மங்கலாயின. நூலை மூடிவிட்டுச் செவிலியரை அழைத்தேன். ரத்த அழுத்தம் இறங்கியிருந்தது. படித்துக்கொண்டிருக்கும்போது தலைசுற்றலோ, வியர்வையோ, பார்வை மங்கலோ ஏற்பட்டால், அத்தியாயத்தை முடித்துவிட்டுச் சொல்லலாம் என்று காத்திருத்தல் ஆகாது. கதை எங்கும் போய்விடாது.

வியாழனன்று விடுமுறைக்கு வந்திருந்த பேரன் எனக்குப் படித்துக் காட்டினான். தேவனின் ‘துப்பறியும் சாம்பு’. அசட்டு அதிர்ஷ்டத்தால் மட்டுமே துப்புத் துலக்கும் சாம்புவைக் கண்டு அவன் சிரித்த சிரிப்பில் பாதிச் சொற்கள் எனக்குக் கேட்கவேயில்லை. தமிழ் எழுத்துக்கூட்டிப் படிக்கத் தயங்கும் பிள்ளைகளுக்குத் தாத்தா பாட்டியின் கட்டிலருகே நல்லதொரு பள்ளி உண்டு. அவர்கள் வாசிப்புத் தேறும். நமக்கோ நேரம் இனிமையாகச் செல்லும்.

வெள்ளியன்று நிகழ்ந்ததை நான் எதிர்பார்க்கவில்லை. அடுத்த படுக்கையில் இருப்பவர் லாரி ஓட்டியவர். புதிதாக டயாலிசிஸுக்கு வருபவர். எவரோடும் பேசாமல் கூரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். “என்ன புத்தகம் ஐயா?” என்று அன்று அவராகவே கேட்டார். கு. அழகிரிசாமியின் ‘ராஜா வந்திருக்கிறார்’ கதையைத் தாழ்ந்த குரலில் படித்துக் காட்டினேன். தீபாவளிக்கு முந்தைய இரவில், உடலெல்லாம் சிரங்கோடு நிற்கும் அநாதைச் சிறுவனை ஓர் ஏழைத் தாய் வீட்டுக்குள் அழைத்துக்கொள்கிறாள். தன் பிள்ளைகளோடு அவனையும் குளிப்பாட்டுகிறாள். தன் கணவனுக்கென்று வைத்திருந்த புதுத் துண்டை அவனுக்கு உடுத்துகிறாள். சிற்றுண்டி கொடுக்க உள்ளே வந்த லாரிக்காரரின் மனைவி கதை முடியும்வரை நின்று கேட்டார். தினமும் கணவரின் கால் புண்ணைக் கழுவி மருந்திடுபவர் அவர். முடிந்ததும், “இன்னொன்று இருக்கிறதா ஐயா?” என்று கேட்டார். அவர் கணவர், “திங்கட்கிழமை படிப்பார், இரு” என்றார். வரப்போகும் திங்களைப் பற்றி அவர் பேசி நான் கேட்டது அதுவே முதல் முறை.

நோயாளியின் அருகிருந்து பேணும் உறவினர்களுக்கு இதையே விண்ணப்பமாகச் சொல்ல விழைகிறேன். உடல் எப்படி இருக்கிறது, சாப்பிட்டீர்களா, மாத்திரை போட்டாயிற்றா என்ற கேள்விகளெல்லாம் அன்பின்பாற்பட்டவையே. ஆனால் நாள் முழுவதும் அவை மட்டுமே பேச்சாகிவிட்டால், நோய் ஒன்றுதான் நமக்குள் மீந்திருக்கிறது என்று தோன்றிவிடும். தினமும் கால் மணி நேரம் எதையேனும் படித்துக் காட்டுங்கள். அவர் கண்ணயர்ந்தால் நிறுத்திவிடுங்கள்; கேட்டாரா, புரிந்ததா என்று சோதிக்க வேண்டாம். விட்ட இடத்தில் ஓர் அடையாளத் தாள் வைத்தால் போதும். நாளைக்குப் பேச ஒரு பொருள் இருக்கும்.

சனியன்று என் துணைவியார் கிளை நூலகத்துக்குச் சென்று நூல்களை மாற்றி வந்தார். ஞாயிறு எங்களுக்குக் கடினமான நாள். வெள்ளி முதல் திங்கள் வரையிலான நீண்ட இடைவெளியில் உடலில் நீர் சேர்ந்திருக்கும். மூச்சும் சற்றுக் கனக்கும். அன்று படிக்கவில்லை. வந்த நூல்களைக் கட்டிலில் பரப்பி, வருகிற மாதங்களுக்குத் திட்டம் வகுத்தேன்.

ஜூன் முதல் மருத்துவமனை நேரத்துக்கு உ. வே. சாமிநாதையரின் ‘என் சரித்திரம்’. பெரிய நூலாதலால் கைப்பேசியில் படிப்பேன். 85 வயதை நெருங்கிய நிலையில், 1940இல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் அதை எழுதத் தொடங்கினார் ஐயர். 1942 ஏப்ரலில் அவர் மறைந்தபோது நூல் முற்றுப்பெற்றிருக்கவில்லை. அதுவரை எழுதியதே 122 அத்தியாயங்கள். ஒரு டயாலிசிஸுக்கு இரண்டு அத்தியாயங்கள் என்று கொண்டால் வாரத்துக்கு 6. முடிக்க 20 வாரங்களுக்குச் சற்று மேல் ஆகும். அதாவது ஐப்பசி மழை தொடங்கும் வேளையில் கடைசிப் பக்கத்துக்கு வந்திருப்பேன்.

வீட்டில் படிக்க, ‘கதவு’ தந்த ஆவலால் கி. ரா.வின் ‘கோபல்ல கிராமம்’. தெலுங்கு பேசும் மக்கள் தெற்கே குடிபெயர்ந்து கரிசல் காட்டைத் திருத்தி ஊர் அமைத்த கதை அது. அதன் தொடர்ச்சியான ‘கோபல்லபுரத்து மக்கள்’ நூலுக்கு 1991இல் சாகித்திய அகாதெமி விருது கிடைத்தது. இரண்டையும் ஆடி பிறப்பதற்குள் முடித்துவிட எண்ணம்.

ஆடிப்பெருக்கன்று பேரனோடு கல்கியின் ‘பொன்னியின் செல்வன்’. அந்த நாவல் தொடங்குவதே ஓர் ஆடிப் பதினெட்டாம் பெருக்கில்தான். நீர் நிரம்பி அலைமோதும் வீரநாராயண ஏரிக்கரையில் வந்தியத்தேவன் குதிரையில் வருகிறான். நாம் இன்று வீராணம் என்று அழைக்கும் அந்த ஏரியிலிருந்துதான் பிற்காலத்தில் சென்னைக்குக் குடிநீர் வந்தது. ஐந்து பாகங்கள். பள்ளி திறந்தபின் பேரன் ஞாயிறுதோறும் வந்து படிப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறான். எங்கள் கடினமான நாளுக்கு ஓர் ஏற்பாடு ஆயிற்று.

மாற்றுச் சிறுநீரகத்துக்குப் பதிவு செய்து காத்திருக்கிறேன். அழைப்பு எப்போது வரும் என்பதை எவராலும் சொல்ல இயலாது. இடையில் வந்தால் அடையாளத் தாளை வைத்துவிட்டுப் போவேன். அதற்கிடையே அடுத்த படுக்கைக்காரருக்குத் திங்களன்று எந்தக் கதையைப் படிப்பது என்று தேடிக்கொண்டிருக்கிறேன். உங்களுக்குப் பிடித்த கதை ஏதேனும் இருந்தால், டயாலிசிஸ் பிரிவுக்கு வரும்போது சொல்லுங்கள்.