இருபது பேர், ஓர் அண்டா

முகூர்த்த நாளுக்கு முந்தின ராத்திரி பூந்தமல்லி ட்ரங்க் ரோட்டுப் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்தின் பின்கட்டுக்குப் போனாலும் கோட்டை அடுப்பு எரிந்துகொண்டிருக்கும். சமையல் மாஸ்டர் ஒரு நாற்காலியில் இருப்பார். ஏழெட்டுப் பேர் தரையில் வட்டமாக உட்கார்ந்து காய் நறுக்குவார்கள். மணி பதினொன்றரை என்றால் நியூயார்க்கில் அப்போது கோடைக்காலப் பிற்பகல் 2 மணி. இரண்டு தெரு தள்ளி ஒரு பி.எஸ்சி. கணித மாணவி பாலிமேத் ஜூனியர் என்ற இணையவழிக் கணித ஆய்வுத் திட்டத்தில் சேர்ந்திருந்தால், ஜூம் கூட்டத்துக்கு லேப்டாப்பைத் திறக்கிற நேரமும் அதுவாக இருக்கலாம். இரண்டு இடத்திலும் வேலை நடக்கிற விதம் கிட்டத்தட்ட ஒன்றுதான்.

அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை நிதியளிக்கும் இளநிலை ஆய்வுத் திட்டங்களின் உதவித்தொகை அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தர வசிப்புரிமை பெற்றவர்களுக்கும் மட்டுமே. 2020இல் கொரோனாவால் அவற்றில் பல நின்றுபோனபோது, முழுக்க இணையவழியில் தொடங்கியது பாலிமேத் ஜூனியர். வெளிநாட்டு மாணவர்களுக்கும் அதில் இடம் உண்டு. எட்டு வாரம் நடக்கும்.

மாஸ்டர் இடத்தில் ஒரு பேராசிரியர். அடுத்த கையாக ஓரிரு முனைவர் பட்ட மாணவர்கள். காய் நறுக்கும் வட்டத்தில் 15 முதல் 25 மாணவர்கள். நறுக்கும் காய் என்ன என்பதற்கு, இப்படிப்பட்ட குழுக்கள் கையிலெடுத்த ஒரு விளையாட்டையே சொல்கிறேன்.

1, 2, 3, 5, 8, 13 என்று முந்தைய இரண்டையும் கூட்டிக்கொண்டே போகும் ஃபிபனாச்சி எண்கள் தெரியும்தானே. எந்த மிகை முழு எண்ணையும் அடுத்தடுத்து வராத ஃபிபனாச்சி எண்களின் கூட்டலாக ஒரே ஒரு விதத்தில்தான் எழுத முடியும். 100 என்றால் 89+8+3. இது ஸெக்கெண்டார்ஃப் தேற்றம். இதிலிருந்து பிறந்தது ஸெக்கெண்டார்ஃப் ஆட்டம். சில ஒன்றுகளை வைத்து இரண்டு பேர் மாறி மாறி ஆட வேண்டும். இரண்டு ஒன்றை 2 ஆக்கலாம். அடுத்தடுத்த ஃபிபனாச்சி எண்களைச் சேர்த்து அதற்கடுத்ததாக்கலாம். இரண்டு 2 இருந்தால் 3, 1 என்று மாற்றலாம். 2க்கு மேற்பட்ட எண்கள் இரட்டையாக வந்தாலும் இப்படி ஒரு விதி உண்டு. கடைசி நகர்வு யாருடையதோ அவருக்கு வெற்றி.

நான்கு ஒன்றுகளோடு ஆடிப் பாருங்கள். முதல் ஆளுக்கு வேறு வழியில்லை, 2, 1, 1 ஆக்கியே தீர வேண்டும். இரண்டாமவர் 2ஐயும் 1ஐயும் சேர்த்து 3 ஆக்கினால் மிச்சம் 3, 1. ஆட்டம் முடிந்தது, அவர் ஜெயித்தார். அசட்டையாக இன்னொரு 2 செய்தாரோ, தோற்றார். இப்படி 5, 6, 7 என்று ஒவ்வொன்றாக ஆடிக் குறித்துவைப்பதுதான் காய் நறுக்குவது. பெரிய மேதை வேண்டாம், பொறுமை போதும். இருபது பேர் பங்குபோட்டுச் செய்கையில், யாராவது ஒருத்தர் கண்ணில் ஓர் ஒழுங்கு படும்.

ஒழுங்கு கண்ணில் பட்டால் மட்டும் போதாது, அதை நிரூபணமாகப் பதம் பிடிக்க வேண்டும். கிண்டினவரே உப்புப் பார்த்தால் சரியாகத்தான் தோன்றும். ஒருவர் எழுதியதை இன்னொருவர் வரிவரியாகக் கிழிக்க வேண்டும். அழகான யோசனைகள் பெரும்பாலும் இங்கேதான் தீய்ந்துபோகின்றன. 2020 குழு ஒன்றுக்குப் பதம் வாய்த்தது. மூன்று பேரோ அதற்கு மேலோ ஆடினால், 5ம் அதற்கு மேற்பட்டதுமான எண்களில் யாருக்கும் நிச்சய வெற்றிக்கான வழி கிடையாது என்று அவர்கள் நிரூபித்தார்கள்.

மண்டபத்தோடு ஒப்பிடுவது ஓர் இடத்தில் உடைகிறது. அங்கே மெனு முன்பே முடிவானது. இங்கே அண்டாவில் வேகிறது சாம்பாரா பாயசமா என்று மாஸ்டருக்கே தெரியாது. எட்டு வாரம் கழித்தும் தெரியாமல் போகலாம், அதற்காக யாரும் கோபிப்பதில்லை. பணம் கட்டினால் ஆய்வுக் கட்டுரையில் பேர் போடுகிறோம் என்று வரும் விளம்பரங்கள் வேறு ரகம். விடை உறுதி என்று ஒருவர் முன்கூட்டியே சொன்னால் அங்கே ஆய்வு நடக்கவில்லை என்று வைத்துக்கொள்ளலாம்.

பேர் என்றதும் இன்னொன்று. கணிதக் கட்டுரைகளில் ஆசிரியர் பெயர்கள் பொதுவாக அகரவரிசையில்தான் வரும். யார் அதிகம் செய்தார் என்று வரிசையைப் பார்த்துச் சொல்ல முடியாது. பலர் இணையத்தில் கூடி ஒரே கணக்கைத் தீர்க்கும் பாலிமேத் முறைக்கே வித்திட்ட கணிதவியலாளர் டிமோத்தி கவர்ஸின் 2009 முயற்சியில் 37 நாட்களில் 27 பேர் ஏறத்தாழ 800 குறிப்புகள் எழுதினார்கள். கட்டுரை வெளிவந்தபோது டி.எச்.ஜே. பாலிமேத் என்று ஒரே ஒரு புனைபெயர்தான் இருந்தது.

பாலிமேத் ஜூனியரில் சேருவதற்கு நிரூபணம் எழுதிய பழக்கம் வேண்டும். பல்கலைக்கழகக் கேள்வித்தாளுக்கு மனப்பாடம் செய்தவர்களுக்கு முதல் இரண்டு வாரம் மூச்சுத் திணறும். கணிதப் பேராசிரியர் எஸ். குமரேசன் 1993இல் தொடங்கிய எம்.டி.டி.எஸ். கணிதப் பயிற்சி இந்தக் குறையைத் தீர்க்கத்தான். முதலில் அதற்கு விண்ணப்பிப்பது நல்லது என்பேன். அதுவரை கைவேலைக்கு ஒன்று: இருவர் ஆட்டத்தில், 2க்கு மேற்பட்ட எந்த எண்ணிலும் இரண்டாம் ஆளுக்கு வெற்றி வழி உண்டு என்று நிரூபித்திருக்கிறார்கள். அந்த வழி என்ன என்பதை அந்த நிரூபணம் சொல்லவில்லை. ஐந்து ஒன்றுகளிலிருந்து ஆரம்பியுங்கள்.