வெற்றிடம் சுமக்கும் கோப்பு

விண்டோஸ் 10 கணினியில், சி டிரைவின் மறைந்த ஃபோல்டர் ஒன்றுக்குள் அடுக்கடுக்காக இறங்கிப் போனால் ‘விண்டோஸ்.ஈடிபி’ என்ற கோப்பு அகப்படும். தேடல் பெட்டியில் ஒரு சொல்லைத் தட்டியதும், அது வருகிற கடிதங்களையெல்லாம் நொடியில் எடுத்துத் தருவது இந்தக் கோப்புதான். பெரும்பாலும் அது சில நூறு எம்பிக்குள் அடங்கும். ஆண்டுக்கணக்கான மின்னஞ்சல் குவிந்த கணினியிலோ பல ஜிபிக்கு வீங்கிவிடும்.

அந்த வேகத்துக்குக் காரணம், கணினி முன்கூட்டியே செய்து வைத்திருக்கும் வேலை. ஒவ்வொரு கோப்புக்கும் எண் கொடுத்துவிட்டு, ஒவ்வொரு சொல்லுக்கும் எதிரே அது வரும் கோப்புகளின் எண்களை எழுதிவைக்கிறது. ஆய்வு நூல்களின் கடைசியில் இருக்கும் சொல்லடைவும் இந்த முறையில் அமைந்ததுதான். கணினித் துறையில் இதைத் தலைகீழ் அடைவு என்கிறார்கள்: கோப்பிலிருந்து சொல்லுக்குப் போகாமல், சொல்லிலிருந்து கோப்புக்குப் போகும் பட்டியல்.

பட்டியல் பெரிதாகுமே? 1 லட்சம் கோப்புகளில் ஒரு சொல் 50,000 கோப்புகளில் வருகிறது என்று வைத்துக்கொள்வோம். எண் ஒன்றுக்கு 4 பைட் என்றால், அந்த ஒரு சொல்லுக்கே 2 லட்சம் பைட் வேண்டும். இங்கேதான் ஓர் அழகான தந்திரம். எண்களை வரிசைப்படுத்தி, எண்களுக்குப் பதிலாக இடைவெளிகளை மட்டும் எழுதுகிறார்கள். 70,000, 70,003, 70,010 என்பவற்றில் முதல் எண்ணுக்குப் பின் 3, 7 என்று எழுதினால் போதும். ஒரு பைட்டில் எட்டு பிட். ஏழு பிட் எண்ணுக்கு, எட்டாவது ‘இன்னும் தொடர்கிறது’ என்று சொல்வதற்கு. ஆகவே 127 வரையிலான இடைவெளி ஒரே பைட்டில் அடங்கிவிடும். 2 லட்சம் ஏறக்குறைய 50,000 ஆகிறது, நான்கில் ஒரு பங்கு. அடிக்கடி வரும் சொல்லுக்கு இடைவெளிகள் சிறியவை. அரிதான சொல்லுக்கு இடைவெளி பெரிது, ஆனால் பட்டியலே இரண்டு மூன்று எண்கள்தான். இரு பக்கமும் லாபம்! இதைவிட இறுக்கமாகச் சுருக்கும் வழிகளை சாலமன் கோலம்ப் 1966-லும் பீட்டர் எலியாஸ் 1975-லும் வெளியிட்டார்கள். தேடல் எந்திரங்கள் இன்றும் அந்த வழியில் வந்த முறைகளைப் பயன்படுத்துகின்றன.

இவ்வளவு சிக்கனமான ஒன்று ஏன் வீங்குகிறது? அஞ்சல்களின் உள்ளடக்கம் முழுவதும் அடைவில் ஏறுவது ஒரு காரணம். இன்னொரு காரணம்தான் என்னை வியக்கவைக்கிறது. ஆயிரக்கணக்கான அஞ்சல்களை அழித்தாலும் இந்தக் கோப்பு பொதுவாக இளைப்பதில்லை. இதைத் தாங்கும் தரவுத்தளம், கோப்பைச் சம அளவுள்ள பக்கங்களாகப் பிரித்து ஆள்கிறது. பதிவு அழிந்தால், அது இருந்த இடத்தைக் ‘காலி’ என்று குறித்துக்கொள்ளும். டிஸ்குக்குத் திருப்பித் தராது. பயணி இறங்கியதும் பேருந்து சுருங்கிவிடுவதில்லை. அடுத்த நிறுத்தத்தில் ஏறுபவருக்கு அந்த இருக்கை காத்திருக்கிறது. ஒவ்வொரு அழிப்புக்கும் மற்ற பக்கங்களை நகர்த்தி அடுக்கினால், கணினி அந்த வேலையிலேயே மூழ்கிப்போகும். நாளைக்கே புது அஞ்சல் வந்து அந்த இடத்தைக் கேட்கவும் செய்யும்.

காலி இடத்தை மீட்க, தேடல் சேவையை நிறுத்திவிட்டு, உயிருள்ள பக்கங்களை மட்டும் புதுக் கோப்பில் நெருக்கமாக எழுதவேண்டும். விண்டோஸிலேயே அதற்கான கருவி இருக்கிறது. சிக்கல் என்னவென்றால், புதுப் பிரதி உருவாகும்வரை பழையதும் இருக்கவேண்டும். இடத்தை மீட்கவே இடம் வேண்டும். விண்டோஸ் 11-இல் அடைவு எஸ்க்யூலைட் தரவுத்தளத்துக்கு மாறியிருக்கிறது. அதுவும் காலிப் பக்கங்களை வழக்கமாக வைத்துக்கொள்ளும் வகைதான்.

டிஸ்க் நிரம்பிய கணினிக்கு நான் சொல்வது வேறு வழி: அடைவையே தூக்கி எறிந்துவிடலாம். அதில் இருப்பவையெல்லாம் மூலக் கோப்புகளிலிருந்து எடுத்தவை. அவை பத்திரமாக இருக்கும்வரை எதுவும் தொலையாது. கண்ட்ரோல் பேனலின் அடைவு அமைப்புகளில், தேடத் தேவையில்லாத ஃபோல்டர்களை முதலில் நீக்குங்கள். உள்ளடக்கம் வேண்டாத கோப்பு வகைகளுக்குப் பெயர், தேதி போன்ற விவரங்கள் மட்டும் போதும் என்று தேர்ந்தெடுங்கள். அதன் பிறகே மறுகட்டுமானப் பொத்தானை அழுத்துங்கள். வரிசை மாறினால் பழைய சுமையே மறுபடி ஏறும். கோப்புகள் ஏராளமாக இருந்தால் மணிக்கணக்கில் ஆகலாம். நீங்கள் கணினியில் மும்முரமாக இருக்கும்போது அடைவை உருவாக்கும் நிரல் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும் என்பதால், இரவில் ஓடவிடுவது நல்லது.