முயல் குட்டிக்கு வழிகாட்டும் மூக்கு!

பிறந்த முயல் குட்டிக்குக் கண் திறந்திருக்காது. காதும் கேட்காது.

தாய் முயலோ, நாள் ஒன்றுக்கு ஒரே ஒரு முறைதான் பால் கொடுக்க வரும். அதுவும் சுமார் 4 நிமிடம்தான்! அதற்குள் காம்பைப் பிடிக்காத குட்டி, மறுநாள் வரை பட்டினி. தாய் எடுத்து ஊட்டுவதும் இல்லை.

இருட்டு வளையில் குட்டிக்கு வழி காட்டுவது எது?

அதன் மூக்கு!

2003-ம் ஆண்டில் பிரான்சு நாட்டில் விஞ்ஞானிகள் இந்த ரகசியத்தைக் கண்டுபிடித்தார்கள். முயல் பாலில் உள்ள ஒரு வாசனைப் பொருளைக் கண்ணாடிக் குச்சியில் தடவி நீட்டினார்கள். காம்பைக் கவ்வுவது போலக் குட்டிகள் குச்சியைக் கவ்வின!

மூக்கில் நடப்பது என்ன?

மூக்கின் உள்ளே, மேல் பகுதியில், எண்ணற்ற நரம்பு அணுக்கள் இருக்கின்றன. அவற்றின் நுனியில் மெல்லிய இழைகள். அந்த இழைகளில் பூட்டுப் போன்ற அமைப்புகள்.

வாசனைத் துகள்தான் சாவி. பூட்டுக்கு ஏற்ற சாவி வந்து சேர்ந்ததும், நரம்பில் மின்சாரம் துடிக்கிறது. செய்தி மூளைக்குப் பறக்கிறது. உடனே குட்டி காம்பைத் தேடுகிறது!

இந்தப் பூட்டுகளை உருவாக்கும் மரபணுக்களை 1991-ல் கண்டுபிடித்தவர்கள் அமெரிக்க விஞ்ஞானிகள் ரிச்சர்டு ஆக்செல், லிண்டா பக் ஆகியோர். இருவருக்கும் 2004-ல் நோபல் பரிசு கிடைத்தது.

கண் திறக்கும்வரை, குட்டியின் உயிர் அதன் மூக்கில்தான் இருக்கிறது!