அம்மாவிடம் கேட்டு வாங்க வேண்டிய பாட்டுகள்

எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் தமிழ்நாட்டின் எந்த பஸ் ஸ்டாண்டு பக்கம் போனாலும் ஒரு ரெக்கார்டிங் கடை இருக்கும். சுவர் நிறைய ரெக்கார்டு அட்டைகள், மேசையில் டபுள் டெக், பக்கத்தில் படவாரியாகப் பாட்டுகள் எழுதிய நீள நோட்டு. நோட்டைப் பார்த்து நமக்கு வேண்டியதைத் துண்டுச்சீட்டில் எழுதி, காலி கேசட்டோடு கொடுத்துவிட்டு வர வேண்டும். இரண்டு மூன்று நாள் கழித்துப் பாட்டு நிறைந்த கேசட் கைக்கு வரும்.

அந்தச் சீட்டு எழுதுவதுதான் பெரிய வேலை. 'சிக்ஸ்டி' கேசட் என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம்; ஆறேழு பாட்டுக்கு மேல் கொள்ளாது. 'நைன்டி' என்றால் 45 நிமிடம், பத்துப் பாட்டு. பிடித்ததையெல்லாம் எழுத முடியாது என்பதால் எழுதி, அடித்து, மறுபடி எழுதுவோம். ஏ சைடின் முதல் பாட்டு எது என்று அக்காவும் தம்பியும் சண்டை போட்ட வீடுகள் எத்தனையோ. பக்கம் முடிய இரண்டு நிமிடம் மிச்சமிருந்தால் நல்ல கடைக்காரர் அடுத்த பாட்டைப் பாதியில் வெட்டமாட்டார். ஏதாவது ஒரு படத்தின் டைட்டில் மியூசிக்கைப் போட்டு நிரப்பித் தருவார். வீட்டுக்கு வந்ததும் கேசட்டின் விளிம்பில் இருக்கும் சின்ன பிளாஸ்டிக் துண்டை உடைத்துவிடுவோம். அதற்குப் பிறகு யாரும் கைதவறி அதன்மேல் வேறு எதையும் பதிய முடியாது. மனசு மாறினால் அந்த ஓட்டையின் மேல் செல்லோடேப் ஒட்டினால் போதும்.

பிலிப்ஸ் நிறுவனத்தில் லூ ஆட்டன்ஸ் தலைமையிலான குழு 1963-ல் வெளியிட்ட பொருள்தான் இந்தக் கேசட். அதுவரை எந்தப் பாட்டுக்குப் பின் எந்தப் பாட்டு என்பதைப் பெரும்பாலும் ரெக்கார்டு கம்பெனியும் வானொலி நிலையமும்தான் முடிவு செய்தன. கேசட் வந்த பிறகுதான் அந்த உரிமை கேட்பவர் கைக்கு வந்தது. இளையராஜா வருடத்துக்கு வருடம் பாட்டுகளைக் கொட்டிக்கொண்டிருந்த அதே எண்பதுகளில் டேப் ரெக்கார்டரும் நடுத்தர வீடுகளுக்குள் நுழைந்தது நம் தலைமுறையின் அதிர்ஷ்டம் என்றே நினைக்கிறேன். இன்றைக்கு பிளேலிஸ்ட் என்கிறோமே, அதை நாங்கள் அந்தத் துண்டுச்சீட்டில்தான் பழகினோம்.

எங்களுக்குக் கேசட்டாவது கிடைத்தது. எங்கள் அம்மாக்களுக்கு அதுவும் இல்லை. அவர்கள் காதில் விழுந்த பாட்டுகள் பக்கத்து வீட்டு ரேடியோவிலிருந்தும், கல்யாண வீட்டு மைக் செட்டிலிருந்தும், டூரிங் டாக்கீஸ் குழாயிலிருந்தும் வந்தவை. காலையில் இலங்கை வானொலியின் 'பொங்கும் பூம்புனல்'. மற்ற நேரத்தில் விவித் பாரதி. அடுத்து என்ன பாட்டு என்பது அறிவிப்பாளர் வாயைத் திறக்கும்வரை தெரியாது. அவர்களுடைய பட்டியலை யாரும் எழுதி வைக்கவில்லை. அது அவர்கள் மனசுக்குள் மட்டும் இருக்கிறது. எனக்குக் கவலையெல்லாம் அதுதான்.

வயதானவர்களிடம் வாழ்க்கையின் மறக்க முடியாத நினைவுகளைக் கேட்டால், சுமார் 10 வயது முதல் 30 வயதுக்குள் நடந்தவையே அதிகம் வரும் என்று நினைவாற்றலை ஆராய்பவர்கள் நெடுநாளாகச் சொல்லி வருகிறார்கள். பாட்டுக்கும் அது பொருந்துகிறது. அமெரிக்காவின் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பீட்டர் ஜனாட்டா, மாணவர்களுக்கு அவர்களின் 8 முதல் 18 வயது வரையிலான ஆண்டுகளில் பிரபலமாயிருந்த பாட்டுத் துணுக்குகளைப் போட்டுக் காட்டி, மூளையை ஸ்கேன் செய்தார். 2009-ல் வெளியான அந்த ஆய்வில், பழைய நினைவைக் கிளறிய பாட்டுகளுக்கு நெற்றிக்குப் பின்னால் உள்ள முன்மூளையின் நடுப்பகுதி வேலை செய்தது தெரிந்தது. அல்சைமர் நோயில் மற்ற பல பகுதிகளைவிடத் தாமதமாகச் சிதையும் பகுதிகளில் அதுவும் ஒன்று. பிள்ளையின் பெயரை மறந்த பாட்டி, தன் பதினைந்து வயதுப் பாட்டை அடி பிசகாமல் பாடுவதற்கு இங்கே ஒரு விளக்கம் கிடைக்கிறது.

நியூயார்க்கில் டான் கோஹன் என்ற சமூகப் பணியாளர் 2006-ல் முதியோர் இல்லங்களுக்கு ஐபாடுகளைக் கொண்டுபோக ஆரம்பித்தார். பொதுவாக ஏதோ மென்மையான இசையைப் போட்டுவிடுவதோடு அவர் நிற்கவில்லை. ஒவ்வொருவருக்கும் அவரவர் இளமைக்காலப் பாட்டுகளைத் தேடி ஏற்றிக் கொடுத்தார். தலை கவிழ்ந்தே கிடந்த ஹென்றி என்ற முதியவர் ஹெட்போன் மாட்டியதும் கண் விரிந்து, உடம்பை அசைத்து, தனக்குப் பிடித்த பாடகரைப் பற்றிப் பேச ஆரம்பித்த காட்சி 'அலைவ் இன்சைடு' என்ற ஆவணப்படத்தில் இருக்கிறது. நோய் தீர்ந்துவிடவில்லை. ஆனால், அந்த மனிதர் சிறிது நேரமாவது திரும்பி வந்தார். யாரோ ஒருவருக்கு அவருடைய பாட்டு எது என்று தெரிந்திருந்ததால்தான் அது நடந்தது.

இதை ஒரு ஆப்பே செய்துவிடாதா என்று தோன்றலாம். பாட்டு ஆப்பான ஸ்பாட்டிஃபை இந்தியாவுக்கு வந்தது 2019-ல். நாம் எதைக் கேட்டோம், எதைத் தள்ளினோம் என்று பார்த்து அது பாட்டு தேடித் தரும், நன்றாகவே தருகிறது. சரிகம நிறுவனத்தின் 'கார்வான்' பெட்டியில் 5,000 பழைய பாட்டுகள் இருக்கின்றன. பெற்றோருக்கு அதை வாங்கித் தந்த பிள்ளைகளை நான் மெச்சுகிறேன். ஆனால் 5,000-ல் எந்த இருபது என்பதை அந்தப் பெட்டி சொல்லாது. போனையே தொடாத ஒருவரின் இளமையைப் பற்றி எந்த ஆப்புக்கும் எதுவும் தெரியாது. நாம்தான் கேட்க வேண்டும், அவர்கள் சொல்லும் நிலையில் இருக்கும்போதே கேட்க வேண்டும்.

எப்படிக் கேட்பது என்பதில் சூட்சுமம் இருக்கிறது. என் அம்மாவிடம் "உனக்கு எந்தப் பாட்டும்மா பிடிக்கும்?" என்றேன். "எல்லாம்தான் பிடிக்கும், போடா" என்று அரிசியைப் புடைத்துக்கொண்டிருந்தார். "உன் கல்யாணத்துல மைக் செட்டுக்காரர் முதல்ல என்ன பாட்டு போட்டார்?" என்றதும் முறம் நின்றது. பாட்டு மட்டுமா வந்தது? குழாய் கட்டிய வேப்பமரம், ஊசி தேய்ந்து ஒரே அடியில் சுற்றிய ரெக்கார்டு, சத்தம் போட்ட தாத்தா எல்லாம் வந்தது. டாக்கீஸில் டிக்கெட் கொடுக்கும் முன் போடும் சீர்காழி கோவிந்தராஜனின் பிள்ளையார் பாட்டும் வந்தது. அது கேட்டதும் வயலிலிருந்து ஓடுவார்களாம். பிடித்த பாட்டு என்று கேட்டிருந்தால் அதைச் சொல்லியிருக்கவே மாட்டார்.

வருடத்தையும் கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். 1955-ல் பிறந்தவருக்குப் பத்து வயதாகும்போது இசையமைப்பாளர்கள் விஸ்வநாதனும் ராமமூர்த்தியும் பிரிகிறார்கள். 14 வயதில் 'அடிமைப்பெண்' படத்தில் எஸ்.பி.பி.யின் குரல். 21 வயதில் இளையராஜாவின் 'அன்னக்கிளி'. இந்த இடைவெளிக்குள் தேடினால் பெரும்பாலும் அகப்பட்டுவிடும். ஒரு பாட்டுக்குப் பின்னாளில் வந்த ரீமிக்ஸ் இருந்தால் அதைத் தவிர்த்து, அவர்கள் கேட்ட பழைய பதிவையே எடுங்கள். 'அது வேண்டாம்' என்று அவர்கள் ஒதுக்கும் பாட்டையும் தனியாகக் குறித்து வையுங்கள். அது எந்தச் சாவு வீட்டை நினைவூட்டுகிறதோ, பின்னாளில் தெரியாமல் போட்டுவிடக் கூடாது. போனில் ஏற்றுவதோடு தாளிலும் எழுதுங்கள். ஆப்பிலிருந்து பாட்டுகள் சொல்லாமல் கொள்ளாமல் காணாமல் போகின்றன.

அம்மாவின் பட்டியலைத் தம்பிக்கு அனுப்பினேன். இரண்டு பாட்டு விட்டுப்போயிருக்கிறது என்கிறான். அவனைத் தூங்கவைக்கப் பாடியவையாம். நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரம், எனக்கு எப்படித் தெரியும்? சேர்த்துவிட்டேன்.