கிட்டங்கிக்கு நாய் வாங்குமுன் டேக்கன்பூரைத் தெரிந்து கொள்வோம்

கிட்டங்கிக் காவலுக்கு நாய் வாங்கலாமா என்ற பேச்சு நமது மார்க்கெட்டில் இப்போது அடிக்கடி அடிபடுகிறது. ராத்திரியில் ஓட்டைப் பிரித்து இறங்குவதும், ஷட்டரை நெம்பி முந்திரி, ஏலம், மிளகு என்று கைக்கு அடக்கமாய் விலை கூடிய சரக்காகப் பார்த்துப் பொறுக்கிப் போவதும் எந்த ஊர் வியாபாரிக்கும் புதிதில்லை. கேமரா வைத்திருக்கிறோம். முகத்தில் துண்டைக் கட்டிக்கொண்டு வருகிறவனை அது படம் பிடித்து வைக்கிறது, அவ்வளவுதான். ஆகவே "போலீஸ் நாய் மாதிரி ஒன்றை வாங்கிக் கட்டிவிட்டால் என்ன?" என்று அன்பர்கள் பலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயமானதே. ஆனால் அந்த நாய் எங்கே, எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொண்டு பிறகு பணப்பெட்டியைத் திறப்பது உத்தமம்.

மத்தியப் பிரதேசத்தில் குவாலியரிலிருந்து ஜான்சி போகும் சாலையில், டப்ரா என்ற ஊருக்கு முன்னால் டேக்கன்பூர் என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுற்றிலும் வயல்காடுதான். எல்லைப் பாதுகாப்புப் படை 1965 டிசம்பரில் அமைக்கப்பட்டதும், மறு வருடமே அதன் பயிற்சிக் கழகம் இங்கே வந்தது. 1970ல் அதனுள்ளேயே நாய்களுக்கான தேசியப் பயிற்சி மையம் தொடங்கப்பட்டது. எல்லைப் படைக்கு மட்டுமன்றி, பல மாநிலப் போலீசாருக்கும் மற்ற மத்தியப் படைகளுக்கும் நாய்களும் ஆட்களும் இங்கே தயாராகிறார்கள். நாய்களும் ஆட்களும் என்று இரண்டையும் சேர்த்துச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது.

நமது மார்க்கெட்டின் மேலத்தெருக் கிட்டங்கியில் ராக்காவல் பார்க்கும் பெரியவர் எல்லைப் படையில் நாய் நடத்துநராக இருந்து ஓய்வு பெற்றவர். பட்டாளத்துக்காரர் என்றே எல்லோரும் கூப்பிடுவோம். டேக்கன்பூரில் பயிற்சி முடித்தவர். ஒரு மழைநாளில் லாரி வராமல் உட்கார்ந்திருந்தபோது விவரமாகக் கேட்டோம். அவர் எடுத்த எடுப்பில் சொன்னது இது: "அண்ணாச்சி, நாயைப் பழக்குறது லேசு. ஆளைப் பழக்கத்தான் நாள் ஆகும்."

அங்கே நாய் ஒருவருக்கும் ஆள் இன்னொருவருக்கும் சொந்தமாக இருப்பதில்லை. ஆறு மாதம், ஏழு மாதக் குட்டியாக நாய் வரும்போதே, அதற்கென்று குறித்த ஆளும் கூடவே பள்ளியில் சேர்ந்துவிடுகிறார். பிரிவுக்குத் தக்கபடி ஆறு மாதம் முதல் ஒன்பது மாதம் வரை இருவரும் சேர்ந்தே படித்து, சேர்ந்தே தேறி, சேர்ந்தே வேலைக்குப் போகிறார்கள். ஆள் தவறினால் ஜோடியே தவறிய கணக்கு. நமது கடைகளில் கல்லாவில் இருக்கிறவரையும் எடை போடுகிறவரையும் தனித்தனியாக வேலைக்கு வைத்துவிட்டு, இருவருக்கும் ஒத்துப் போகவில்லையே என்று வருத்தப்படுகிறோம் அல்லவா?

பள்ளியில் பொழுது விடியுமுன்பே வேலை தொடங்கிவிடும். குவாலியர் பக்கத்துக் கோடையில் மே மாதம் 45 டிகிரி சர்வசாதாரணம். நாய்க்கு நம்மைப் போல உடம்பெல்லாம் வியர்வை கிடையாது. நாக்கைத் தொங்கப்போட்டு இரைத்துத்தான் சூட்டைத் தணிக்க வேண்டும். இரைக்கும் நாய்க்கு மோப்பம் சரியாக ஓடாது. எனவே வெயில் ஏறுமுன் முக்கியமான பாடங்களை முடித்துக்கொள்வார்கள். முதல் வேலை உடம்பு தேய்த்துவிடுவது. பிரஷ்ஷால் ரோமத்தை வாரி, காது, கண், பல், நகக்கண், பாதம் என்று ஒவ்வொன்றாகத் தடவிப் பார்ப்பது. உண்ணி இருக்கிறதா, முள் தைத்திருக்கிறதா என்று பார்ப்பது ஒரு பக்கம். அந்தக் கைக்கு நாய் பழகுவது மறு பக்கம். நாய் இருக்கும் கொட்டடியைக் கழுவுவதும் அதே ஆள்தான், வேறு ஆள் கிடையாது. தீனி நிறுத்துப் போடப்படும். நாயின் எடையும் அவ்வப்போது பார்த்து ஏட்டில் எழுதப்படும். "நம்ம சிட்டை மாதிரிதான் அண்ணாச்சி, ஒரு நாள் விட்டாலும் மேலதிகாரி கேட்பாரு" என்றார் பட்டாளத்துக்காரர்.

முதலில் கீழ்ப்படிதல். உட்கார், படு, அங்கேயே இரு, ஒட்டி நட. இதற்கு அடி கிடையாது. சொல் ஒன்று, தொனி ஒன்று, செய்தால் உடனே ஒரு தட்டிக்கொடுப்பு. சொல்லைத் தினம் ஒரு விதமாக மாற்றிச் சொல்லும் ஆளிடம் நாய் எதையும் கற்பதில்லையாம். இதற்குப் பிறகுதான் தொழில் பிரித்துக் கொடுக்கிறார்கள். வெடிமருந்து கண்டுபிடிப்பது, போதைப் பொருள் கண்டுபிடிப்பது, தடம் பிடிப்பது, காவலும் தாக்குதலும் என்று பல பிரிவுகள்.

நாயின் மூக்கு என்பது இறைவன் கொடுத்த தராசு. நமக்கு மூக்கில் வாசனை உணரும் நுண்ணிய அமைப்புகள் 50, 60 லட்சம் என்றால் நாய்க்கு 20 கோடிக்கு மேல். ஆனால் மூக்கு இருந்தால் மட்டும் போதாது. எந்த வாசனை காசாகும் என்று அதற்குத் தெரிய வேண்டும். வெடிமருந்து வாசனை வரும் இடத்தில் அதற்குப் பிரியமான பந்து கிடைக்கும் என்று பழக்குகிறார்கள். நாயைப் பொறுத்தவரை அது குண்டைத் தேடவில்லை, பந்தைத் தேடுகிறது. கண்டுபிடித்ததும் குரைக்கக் கூடாது, பிராண்டக் கூடாது. குண்டாயிற்றே! சத்தமில்லாமல் உட்கார்ந்து ஆளைப் பார்க்க வேண்டும்.

இதில் நாம் மிகவும் ரசித்த விஷயம் ஒன்று உண்டு. பொருள் எங்கே ஒளித்து வைக்கப்பட்டது என்று நடத்துகிற ஆளுக்கே சொல்ல மாட்டார்களாம். தெரிந்தால் அந்த இடத்துக்குப் பக்கத்தில் போனதும் அவர் நடை மெதுவாகும், மூச்சு மாறும். நாய் மூக்கை விட்டுவிட்டு அவர் முகத்தைப் பார்த்தே உட்கார்ந்துவிடும். ஏலத்தில் நமக்கு எந்தக் குவியல் வேண்டும் என்று எதிராளிக்குத் தெரிந்துவிட்டால் விலை என்னவாகும் என்பதை வியாபாரிகளுக்குச் சொல்லித் தரவேண்டியதில்லை.

தடம் பிடிக்கும் நாய்க்குப் பாடம் நீளம். முதலில் சற்று முன் நடந்து போன நேர்த்தடம். பிறகு திருப்பம், பிறகு வேறு ஆட்கள் குறுக்கே நடந்த தடம், பிறகு பல மணி நேரம் ஆறிப்போன தடம். பனி ஈரமுள்ள விடியற்காலை மண்ணில் வாசனை நிற்கும். உச்சி வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் நிற்காது. திருடர்கள் மிளகாய்ப்பொடி தூவிவிட்டுப் போவது இதற்காகத்தான். அந்தப் பொடியும் நம் கடையில் வாங்கியதாகவே இருக்கும்!

கடையில் களவு போனால் நாம் செய்வது என்ன? விடிந்ததும் தெருவே உள்ளே வந்து பார்க்கும். உடைந்த பூட்டை ஆளுக்கு ஒரு தடவை கையில் எடுப்பார்கள். பையன் பழக்க தோஷத்தில் வாசலைப் பெருக்கித் தண்ணீர் தெளித்துவிடுவான். அதற்குப் பிறகு மோப்ப நாய் வந்து நாலு சுற்று சுற்றிவிட்டு பஸ் ஸ்டாண்டில் போய் நின்றது என்று நாயைக் குறை சொல்கிறோம். போலீஸ் வரும்வரை எல்லோரும் வெளியே நிற்க வேண்டும், திருடன் விட்டுப்போன துணி, கம்பி, செருப்பு எதையும் தொடக்கூடாது என்று பட்டாளத்துக்காரர் திரும்பத் திரும்பச் சொன்னார். இன்னொன்றும் தெரிந்திருக்க வேண்டும். நாய் ஒருவர் வீட்டு வாசலில் போய் நின்றதாலேயே அவர் திருடன் என்று ஆகாது. 1969ல் மகாராஷ்டிர வழக்கு ஒன்றில் உச்சநீதிமன்றம், கூண்டேறிச் சாட்சி சொல்ல முடியாத நாய்க்காக அதன் ஆள்தான் பேசவேண்டியிருக்கிறது என்பதைச் சுட்டிக்காட்டி, இத்தகைய சாட்சியத்துக்குப் பெரிய கனம் கொடுக்கவில்லை. நாய் துப்பு காட்டும், தீர்ப்புச் சொல்லாது.

டேக்கன்பூரில் வெகுகாலம் ஜெர்மன் ஷெப்பர்ட், லேப்ரடார் போன்ற வெளிநாட்டு ஜாதிகளே படித்தன. பிற்பாடு பெல்ஜியன் மாலினாய்ஸ் வந்தது. நமது நாட்டு நாய்களுக்கு அங்கே இடம் கிடைத்தது சமீபத்தில்தான். 2020 ஆகஸ்டில் பிரதமர் வானொலி உரையில் ராஜபாளையம், கோம்பை, சிப்பிப்பாறை, கன்னி, முதோல் ஆகிய நம் நாய்களின் பெயரைச் சொன்னார். எல்லைப் படை உத்தரப் பிரதேசத்து ராம்பூர் நாயையும் கர்நாடகத்து முதோல் நாயையும் டேக்கன்பூரில் பழக்கியது. 2024ல் லக்னோவில் நடந்த அகில இந்தியப் போலீஸ் போட்டியில் ரியா என்ற முதோல் நாய், நூற்றுக்கும் மேற்பட்ட வெளிநாட்டு ஜாதி நாய்களுக்கு நடுவே தடம் பிடிப்பதில் முதலிடம் பெற்றது. சரக்கு உள்ளூரிலேயே இருந்திருக்கிறது, தரம் பார்க்கத்தான் ஆளில்லை.

இனி நமது கிட்டங்கிக்கு வருவோம். நமக்குத் தெரிந்த பருப்பு மண்டிக்காரர் ஒருவர், "பழக்கிய நாய்" என்று சொன்னதை நம்பிப் பெருந்தொகை கொடுத்து வளர்ந்த நாய் ஒன்றை வாங்கி வாசலில் சங்கிலி போட்டுக் கட்டினார். பகலெல்லாம் லோடுமேன்கள் பன் போட்டுப் பழகிவிட்டார்கள். வருகிறவர் போகிறவரெல்லாம் அதற்குச் சொந்தக்காரர்கள் ஆகிவிட்டார்கள். கடைசியில் அது கடித்தது, காலையில் சாவியோடு வந்த கணக்குப்பிள்ளையை! பட்டாளத்துக்காரரிடம் சொன்னோம். "அதைப் பழக்கினவன் எங்கே அண்ணாச்சி? அவனை விட்டுட்டு நாயை மட்டும் ஏன் வாங்கினாரு?" என்று கேட்டார். பகல் முழுக்கக் கட்டிக் கிடக்கும் நாய் வெறியேறிப் போகுமே தவிரக் காவல் கற்காதாம். பகலில் நிழலான கொட்டடி, தினம் ஒரு மணி நேரமாவது நடை, ராத்திரியில் சுற்றுச்சுவருக்குள் அவிழ்த்துவிடுவது, சோறு போட ஒரே கை. இது முடியாதவர்கள் நல்ல பூட்டாக வாங்கிக்கொள்ளலாம் என்பது அவர் கட்சி. நமது கட்சியும் அதுவே.

எந்த ஜாதி என்று கேட்டதற்கு, காவல் என்றால் கோம்பை அல்லது ராஜபாளையம் என்றார். சிப்பிப்பாறையும் கன்னியும் முயல் விரட்டி ஓடப் பிறந்தவை, கிட்டங்கிக்குள் அடைப்பது பாவம். ராஜபாளையத்தின் வெள்ளை நிறத்தோடு செவிட்டுத்தனமும் சில குட்டிகளுக்கு வருவதுண்டு. ஆகவே வாங்குமுன் குட்டியின் பின்னால் நின்று கைதட்டிப் பார்க்க வேண்டும்.

மளிகைக் கிட்டங்கியில் நாய்க்கு எமன் நம் சரக்கிலேயே இருக்கிறது. உலர்திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். சாக்லேட், வெங்காயம், பூண்டு ஆகாது. எலிப் பாஷாணம் வைத்த இடத்திலும், விஷம் தின்று செத்த எலி கிடக்கும் இடத்திலும் நாயை விடக் கூடாது. வண்டுக்கு வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரையிலிருந்து வரும் புகை மனிதனையே கொல்லும். மருந்து வைத்து மூடிய நாட்களில், காற்றாடத் திறந்துவிட்டு முழுதும் நீங்கும்வரை நாயும் ஆளும் அந்தப் பக்கமே போகலாகாது. வெறிநாய்க்கடி ஊசி வருடந்தோறும் தவறாமல் போட வேண்டும். நகராட்சி உரிமத்தையும் மறக்கக் கூடாது.

மேலத்தெருவில் அடுத்தடுத்து இருக்கும் ஐந்து கிட்டங்கிக்காரர்கள் இப்போது சேர்ந்து பேசியிருக்கிறோம். செலவு ஐந்து பங்கு, குட்டி இரண்டு, ஆள் பட்டாளத்துக்காரர். இரண்டு நிபந்தனை போட்டார். குட்டிகளுக்கு வேறு யாரும் தின்ன எதுவும் கொடுக்கக் கூடாது, ஒரு வருடம் ஆகும்வரை காவலைப் பற்றி யாரும் கேட்கக் கூடாது. முதல் நிபந்தனைக்கு லோடுமேன்கள் சம்மதிக்க வேண்டும், அதற்கு ஒரு கூட்டம் போட்டிருக்கிறோம். தவிர, அவருக்கு இரண்டாவது ஆளாக ஒரு பையனையும் கூடவே பழக்க வேண்டும் என்கிறார். நாய்கள் சுமார் பத்து வருடம் வேலை பார்க்கும், தமக்கு வயதாகிவிட்டது என்பது அவர் சொன்ன காரணம். பையனைத் தேடிக்கொண்டிருக்கிறோம்.