சறுக்கி விழுந்தால் யார் பொறுப்பு?

பனிச்சறுக்குப் பழகுபவர் எவரும் விழாமல் பழகுவதில்லை. அக்காயத்துக்கு நஷ்டஈடு உண்டா? அமெரிக்காவின் வெர்மாண்ட் மாநிலத்தில், பனிக்கடியில் கிடந்த அடிமரத்தில் மோதியவருக்கு 1951-இல் நீதிமன்றம் அதை மறுத்தது. ஆபத்து ஆட்டத்தோடு பிறந்ததாம். 1974-இல், புதியவர்களுக்கென்றே அமைத்த சரிவில், பனி மறைத்த சிறு புதரில் ஓர் இளைஞர் சிக்கி விழுந்தார், கைகால்கள் செயலிழந்தன. ஜூரிகள் 15 லட்சம் டாலர் அளித்தனர். 1978-இல் மாநில உச்ச நீதிமன்றமும் அதனை உறுதிசெய்தது. சரிவைச் செப்பனிடும் திறமை வளர்ந்துவிட்டபின் அப்புதர் எங்ஙனம் ஆட்டத்தோடு பிறந்த ஆபத்தாகும்? இவ்வாதம் எனக்கு மிகப் பிடித்தது. அவ்வாண்டே இயற்றப்பட்ட சட்டமோ, வெளிப்படையான, தவிர்க்கவியலாத ஆபத்துகளை மட்டும் ஆடுபவர் ஏற்கிறார் என்றது. மாணவர்களே, அவ்விரு சொற்களையும் கவனியுங்கள். கற்பவரைத் தகுதிக்கு மீறிய சரிவில் இறக்கிவிடும் ஆசிரியர், 'அது அவர் ஏற்ற ஆபத்து' என்று சொல்லித் தப்புதல் நியாயமன்று என்பது என் துணிபு; அச்சரிவு தவிர்க்கக் கூடியதுதானே!