வெறுங்குளிசை: மருத்துவ ஆய்வும் வறிய நாட்டுத் தாய்மாரும்

சில வருடங்களுக்கு முன்னர், நான் வாழும் நாட்டின் வைத்தியசாலை ஒன்றுக்கு மொழிபெயர்ப்பாளராகப் போயிருந்தேன். எங்களுடைய ஆள், அறுபது வயது தாண்டிய ஓர் அம்மா. நீரிழிவுக்கான புதிய மருந்தொன்றின் ஆய்வில் சேர விருப்பமா என்று கேட்பதற்காக அழைத்திருந்தார்கள். நான்கு பக்கப் படிவம். வரி வரியாகச் சொல்லிக்கொண்டு போனேன். 'உங்களுக்கு மருந்து கிடைக்கலாம், மருந்தில்லாத குளிசையும் கிடைக்கலாம். எது கிடைத்தது என்று உங்களுக்கோ வைத்தியருக்கோ தெரியாது' என்று ஓரிடத்தில் இருந்தது. அம்மா நிமிர்ந்து பார்த்தார். "அதெப்பிடித் தம்பி, ஆசுப்பத்திரியிலை மருந்து தராமல் விடுவினமே?" என்றார். பிறகு தானாகவே, "சரி, டொக்டர் சொன்னாச் சரிதானே. எங்கை கையெழுத்து வைக்கிறது எண்டு காட்டுங்கோ" என்றார். காட்டினேன்.

அவர் ஏற்கெனவே எடுத்துவந்த மருந்துகள் எதுவும் நிறுத்தப்படவில்லை. புதியது அவற்றுக்கு மேலதிகமானது. ஆகவே அவருக்குத் தீங்கொன்றுமில்லை. ஆனால் அவர் கேட்ட கேள்வி என்னை விடவில்லை. பலன் தரும் மருந்து இருக்கிறது என்று தெரிந்த பின்னரும் அதைக் கொடுக்காமல் விட்ட ஆய்வுகள் உலகில் நடந்திருக்கின்றன. அவற்றை நடத்தியவர்கள் கொடியவர்களுமல்லர், பலர் நல்ல நோக்கத்தோடு உழைத்தவர்கள். 1990களின் நடுப்பகுதியில் ஆபிரிக்காவிலும் தாய்லாந்திலும் கர்ப்பிணித் தாய்மாரிடையே நடந்த எச்.ஐ.வி. ஆய்வுகளையே குறிப்பிடுகிறேன்.

எச்.ஐ.வி. தொற்றுள்ள தாயிடமிருந்து கிருமி கர்ப்ப காலத்திலோ, பிரசவத்தின்போதோ, தாய்ப்பாலூடாகவோ குழந்தைக்குச் செல்லக்கூடும். 1994இல், அமெரிக்காவிலும் பிரான்சிலும் நடந்த '076' என்னும் ஆய்வின் முடிவு வெளிவந்தது. ஏ.இசட்.ரி. என்ற மருந்து கர்ப்பிணிக்கு நாளொன்றுக்கு ஐந்து தடவை குளிசையாகவும், பிரசவ வேளையில் நாளம் வழியாகவும், பிறந்த குழந்தைக்கு ஆறு வாரம் பாணி மருந்தாகவும் கொடுக்கப்பட்டது. மருந்து பெற்ற குழுவில் 8.3 வீதமான குழந்தைகளுக்கே தொற்று. மருந்தில்லாத குளிசை, அதாவது வெறுங்குளிசை பெற்ற குழுவில் 25.5 வீதம். மூன்றில் இரண்டு பங்கு தொற்றைத் தடுக்கலாம் என்று ஆயிற்று. முடிவு தெளிவானதும் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டு, வெறுங்குளிசை பெற்றுவந்த பெண்களுக்கும் மருந்து வழங்க முன்வந்தார்கள். வேறெப்படிச் செய்வது? தெரிந்துகொண்டு சும்மா இருக்க முடியாதல்லவா? அமெரிக்காவில் அது உடனடியாகவே வழக்கமான சிகிச்சையாயிற்று.

ஆனால் ஒரு தாய்க்கு இதற்கான மருந்துச் செலவு ஏறத்தாழ 800 டொலர். தொற்றுள்ள கர்ப்பிணிகளில் மிகப் பெரும்பாலானோர் வாழ்ந்ததோ ஆபிரிக்காவில். பிரசவத்துக்குச் சற்று முன்னர்தான் பலர் முதன்முதலாக வைத்தியசாலைக்கு வருவார்கள்; நாளம் வழியாக மருந்தேற்ற வசதியிராது; தாய்ப்பாலைத் தவிர வேறு வழியுமிராது. எனவே நான்கே வாரம், வாய்வழியாக மட்டும், மலிவாகக் கொடுத்தால் பலனிருக்குமா என்ற கேள்வி எழுந்தது. நியாயமான, அவசரமான கேள்வி. 1994 யூனில் ஜெனீவாவில் உலக சுகாதார நிறுவனம் கூட்டிய நிபுணர் கூட்டம் இதற்கு விடை காணச் சிறந்த வழி வெறுங்குளிசையோடு ஒப்பிடுவதே என்று பரிந்துரைத்தது. அதாவது, ஒரு பகுதிப் பெண்களுக்குக் குறுகியகால மருந்து. மறு பகுதியினருக்கு ஒன்றுமில்லை.

1997 செப்ரெம்பரில் பீற்றர் லூரி, சிட்னி வூல்வ் என்ற இரு அமெரிக்க மருத்துவர்கள் 'நியூ இங்கிலாண்ட் ஜேர்னல் ஒஃப் மெடிசின்' சஞ்சிகையில் இதை அம்பலப்படுத்தினார்கள். வறிய நாடுகளில் நடந்துகொண்டிருந்த இத்தகைய 16 ஆய்வுகளில் 15இல் பெண்களில் ஒரு பகுதியினருக்கோ அனைவருக்குமோ கிருமியெதிர்ப்பு மருந்து கொடுக்கப்படவில்லை. அவற்றில் ஒன்பதுக்கு அமெரிக்க அரசின் பணம். அதே வேளை அமெரிக்காவுக்குள் நடந்த இரு ஆய்வுகளில் எல்லாப் பெண்களுக்கும் மருந்து கிடைத்தது. அதே இதழில் ஆசிரியர் மார்சியா ஏஞ்சல் எழுதிய தலையங்கம் இன்னும் ஒரு படி மேலே போய், இதை ரஸ்கீகியோடு ஒப்பிட்டது. பெரும் கொந்தளிப்பு. சஞ்சிகையின் ஆசிரியர் குழுவிலிருந்து இருவர் விலகினார்கள்.

ரஸ்கீகி என்ற பெயரைச் சொன்னால் அமெரிக்கக் கறுப்பின மக்களுக்கு வேறு விளக்கம் வேண்டியதில்லை. எமக்கு வேண்டியிருக்கிறது. அலபாமா மாநிலத்தில் 1932 முதல் 1972 வரை நாற்பது வருடங்கள், அமெரிக்கப் பொதுச் சுகாதார சேவை சிபிலிஸ் நோயுள்ள 399 கறுப்பின ஆண்களையும், நோயற்ற 201 பேரையும் 'அவதானித்து' வந்தது. 'கெட்ட இரத்தத்துக்கு' வைத்தியம் செய்கிறோம் என்று சொன்னார்கள். முள்ளந்தண்டில் ஊசி குத்தி நீர் எடுத்ததையும் விசேட இலவசச் சிகிச்சை என்றே சொன்னார்கள். சாப்பாடும், சாவுச் செலவுக்கான காப்புறுதியும் கொடுத்தார்கள். பிரேத பரிசோதனை தேவைப்பட்டது. 1940களின் பிற்பகுதியில் பெனிசிலின் வழக்கமான மருந்தாகிவிட்ட பின்னரும் அதைக் கொடுக்கவில்லை. 1972 யூலையில் பத்திரிகைகளில் வந்த பிறகுதான் நிறுத்தினார்கள். 1997 மே 16இல் ஜனாதிபதி கிளின்ரன் மன்னிப்புக் கேட்டார். அந்த ஆய்வைக் கடைசிக் காலத்தில் பொறுப்பேற்று நடத்தியது அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையம். மன்னிப்புக் கேட்கப்பட்ட அன்று அதே மையம்தான் ஐவரிகோஸ்றிலும் தாய்லாந்திலும் வெறுங்குளிசை ஆய்வுகளை நடத்திக்கொண்டிருந்தது.

என்றாலும் ஏஞ்சலின் ஒப்பீட்டை அப்படியே ஏற்க எனக்குத் தயக்கமுண்டு. ரஸ்கீகியில் பொய் சொன்னார்கள். அந்த மனிதர்களுக்குப் பயன்படும் எதையும் தேடவுமில்லை. இங்கு பெண்களிடம் சம்மதம் கேட்கப்பட்டது. தேடப்பட்டதோ அவர்களைப் போன்ற தாய்மாருக்கான மருந்து. ஆபிரிக்க, தாய்லாந்து மருத்துவர்களும் இதில் முழுமையாக ஈடுபட்டிருந்தனர். தேசிய சுகாதார நிறுவகத்தின் தலைவர் ஹரோல்ட் வாமஸும், நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் தலைவரும் கறுப்பினத்தவருமான டேவிட் சாச்சரும் 1997 ஒக்ரோபரில் அதே சஞ்சிகையில் பதிலெழுதினார்கள். மலாவியில் ஒரு தாய்க்கும் குழந்தைக்கும் ஆகும் மருந்துச் செலவு, அந்நாட்டின் தலாவருமானத்தை அல்ல, ஒருவருக்கான வருடாந்தச் சுகாதார ஒதுக்கீட்டை எடுத்துக்கொண்டால் அதைப்போல 600 மடங்குக்கு மேல் என்று காட்டினார்கள். உகண்டாவின் எட்வேர்ட் ம்பிட்டே அனுப்பிய கடிதமொன்றையும் முன்வைத்தார்கள். இது உகண்டா மக்களின் நன்மைக்காக உகண்டா ஆய்வாளர் உகண்டாவில் செய்யும் ஆய்வு, அமெரிக்க நிறுவகத்தின் ஆய்வல்ல என்பது அதன் சாரம்.

அந்தக் கடிதத்தை இலகுவாக ஒதுக்கிவிட முடியாது. வெள்ளையர் ஆய்வு செய்தாலும் ஆதிக்கம், செய்யாதே என்று தடுத்தாலும் ஆதிக்கம் என்ற நிலையில், முடிவெடுக்கும் உரிமை எவருக்கு என்று ம்பிட்டே கேட்டது சரியான கேள்வி. ஆனால் அந்த உரிமை உகண்டாவின் மருத்துவருக்கா, சுகாதார அமைச்சுக்கா, கட்டிலில் படுத்திருக்கும் பெண்ணுக்கா? மூவரையும் 'உகண்டா' என்ற ஒரே சொல்லுக்குள் போட்டுவிட முடியாது. தேசத்தின் பெயரால் பேசுகிறவர்கள் யாருக்காகப் பேசுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்க வேண்டியதன் அவசியம் எமக்குத் தெரியாததல்ல.

ஆய்வுகளை ஆதரித்தோரின் அடிப்படை வாதம் இதுதான்: இப்பெண்கள் ஆய்வில் சேராவிட்டாலும் மருந்து கிடைத்திருக்காது. உள்ளூர்ச் சிகிச்சைத் தரம் பூச்சியம். வெறுங்குளிசை கொடுத்ததால் அவர்கள் எதையும் இழக்கவில்லை. கேட்கும்போது தர்க்கம் சரியாகவே படும். ஆனால் ரஸ்கீகி மருத்துவர்களும் கிட்டத்தட்ட இதையேதான் சொன்னார்கள். அந்த ஏழைக் கறுப்பு விவசாயிகளுக்கு எப்படியும் வைத்தியம் கிடைத்திருக்காது, நாங்கள் சும்மா பார்த்துக்கொண்டுதான் இருந்தோம் என்று. நோக்கங்கள் வேறாக இருக்கலாம், சாட்டு ஒன்றுதான்.

மேலும், அந்தப் பூச்சியம் மலாவியின் மண்ணில் விளைந்ததல்ல. 800 டொலர் என்பது ஆபிரிக்காவின் காலநிலையோ கலாசாரமோ அல்ல. காப்புரிமை வைத்திருந்த ஒரு கம்பனி குறித்த விலை. ஆய்வு நடந்த இடத்தில் அந்த மருந்து பெட்டியில் இருந்தது, அதைக் கொடுக்கத் தெரிந்த தாதி இருந்தாள், செலவழிக்கப் பணமும் இருந்தது. ஊரில் கிடைக்காதது ஆய்வுக்கூடத்துக்குள் கிடைத்தது. வைத்தியர் ஒருவர் ஒரு பெண்ணைத் தன் ஆய்வுக்குள் சேர்த்துக்கொண்ட கணத்திலிருந்து அவள் அவருடைய பொறுப்பு. வெளியில் அவளுக்கு என்ன கிடைத்திருக்கும் என்பது அந்தப் பொறுப்புக்கு அளவுகோலாக முடியாது.

வேறு வழியிருந்ததா? இருந்தது. குறுகியகாலச் சிகிச்சையை வெறுங்குளிசையோடு ஒப்பிடாமல் நீண்டகாலச் சிகிச்சையோடு ஒப்பிடலாம். எல்லாப் பெண்களுக்கும் ஏதோவொரு அளவில் மருந்து கிடைக்கும். இதற்குக் கூடுதலான பெண்களைச் சேர்க்கவேண்டும், விடை கிடைக்கக் காலமுமெடுக்கும். அந்தத் தாமதத்தில் வெளியே குழந்தைகள் தொற்றோடு பிறந்துகொண்டிருக்கும் என்பது பொய்யல்ல. ஆனால் தாய்லாந்தில் ஹாவாட் பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு குழு இவ்வழியையே தெரிந்தது. லூரியும் வூல்வும் எழுதியபடி, வெறுங்குளிசைக் குழு வேண்டும் என்ற அமெரிக்க நிதியாளரின் அழுத்தத்தை அவர்கள் ஏற்கவில்லை. அந்த ஆய்வில், மிகக் குறுகிய சிகிச்சை பெற்ற பிரிவில் தொற்று அதிகமென்று இடையில் தெரிந்ததும் அப்பிரிவு நிறுத்தப்பட்டது. 2000இல் முடிவு வெளியாயிற்று. எவருக்கும் ஒன்றுமில்லை என்று விடாமலே விடை கிடைத்தது.

சம்மதம் பற்றியும் சொல்லவேண்டும். 1997 ஒக்ரோபரில் 'நியூயோர்க் ரைம்ஸ்' பத்திரிகை அபிஜான் நகரிலிருந்து எழுதியபோது, அங்கு ஆய்வில் சேர்ந்திருந்த பெண்களிற் சிலருக்கு வெறுங்குளிசை என்றால் என்னவென்று சரியாக விளங்கியிருக்கவில்லை என்று தெரியவந்தது. படிவம் வாசிக்கப்பட்டிருக்கும், கையொப்பமும் இருந்திருக்கும். ஆனால் தனக்கு எச்.ஐ.வி. என்று அப்போதுதான் அறிந்த ஒரு கர்ப்பிணி, வைத்தியசாலை தனக்கு ஒன்றுமில்லாததைத் தரும் என்று எப்படி நம்புவாள்? எங்கள் அம்மாவுக்கும் அதே திகைப்புத்தான். வித்தியாசம், எங்கள் அம்மா 'இல்லை' என்று சொல்லியிருந்தாலும் அவருடைய மருந்து அவருக்குக் கிடைத்திருக்கும். அபிஜான் பெண்ணுக்கு ஆய்வைத் தவிர வேறு வாசல் இல்லை. போக்கிடமற்றவளின் சம்மதத்தைச் சுதந்திரமான சம்மதம் என்பதா?

1998 பெப்ரவரியில் தாய்லாந்து வெறுங்குளிசை ஆய்வின் முடிவு அறிவிக்கப்பட்டது. ஏறத்தாழ 400 பெண்கள். குறுகியகால ஏ.இசட்.ரி. பெற்றவர்களின் குழந்தைகளில் 9.4 வீதத்துக்குத் தொற்று, மற்றவர்களில் 18.9 வீதம். பாதியாகக் குறைந்தது. பயனுள்ள முடிவு, மறுப்பதற்கில்லை. ஐவரிகோஸ்றிலும் உகண்டாவிலும் வெறுங்குளிசை கைவிடப்பட்டது. 1999இல் உகண்டாவிலிருந்து இன்னும் பெரிய செய்தி: நெவிரப்பின் என்ற மருந்தைப் பிரசவத்தின்போது தாய்க்கு ஒரு தடவை, பிறந்த பிள்ளைக்கு ஒரு தடவை கொடுத்தால் போதும், குறுகியகால ஏ.இசட்.ரி.யோடு ஒப்பிடத் தொற்று ஏறத்தாழ அரைவாசியாகிறது. செலவு நான்கு டொலர் அளவில்.

இனியாவது எல்லோருக்கும் கிடைத்திருக்க வேண்டுமே! தென்னாபிரிக்காவில் மருந்துக் கம்பனியே ஐந்து வருடங்களுக்கு நெவிரப்பினை இலவசமாகத் தர முன்வந்தது. ஜனாதிபதி தாபோ ம்பெக்கியின் அரசாங்கமோ, எயிட்சின் காரணம் பற்றியே சந்தேகம் கிளப்பிக்கொண்டு, மாகாணத்துக்கு இரண்டு பரிசோதனை நிலையங்களில் மட்டும் கொடுக்கலாம் என்று கட்டுப்படுத்தியது. மருந்து அலுமாரியில் இருந்தும் ஏனைய அரச வைத்தியசாலைகளின் மருத்துவர்கள் எழுதிக்கொடுக்க முடியாது. சிகிச்சைக்கான நடவடிக்கை இயக்கம் என்ற மக்கள் அமைப்பு வழக்குத் தொடுத்தது. 2002 யூலை 5இல் அரசியலமைப்பு நீதிமன்றம், அரசியல் யாப்பின் 27ஆம் பிரிவு உறுதிசெய்யும் சுகாதார சேவைக்கான உரிமையை இக்கட்டுப்பாடு மீறுகிறது என்று தீர்ப்பளித்தது. அடிப்படை உரிமை வழக்கொன்றில் ஒரு மருந்தின் பெயர் இவ்வளவு பேசப்பட்டது அபூர்வம். விலையைக் கம்பனி தடுத்தது போக, இங்கே கறுப்பின மக்கள் தாமே தெரிவுசெய்த அரசு தடுத்தது. எல்லாப் பழியையும் மேற்கின் தலையில் சுமத்திவிட்டு ஓய விரும்புகிறவர்களுக்கு இது வசதியான கதையல்ல.

விதிகளும் அசைந்தன. உலக மருத்துவர் சங்கத்தின் ஹெல்சிங்கிப் பிரகடனம் 2000இல் எடின்பரோவில் திருத்தப்பட்டபோது, புதிய சிகிச்சையை இருப்பவற்றுள் சிறந்ததோடுதான் ஒப்பிடவேண்டும் என்று இறுக்கமாக எழுதப்பட்டது. இரண்டு வருடம் தாங்கவில்லை. 2002இல் ஒரு 'விளக்கக் குறிப்பு' சேர்த்து, தக்க முறையியல் காரணங்களிருந்தால் வெறுங்குளிசைக்கு இடமுண்டு என்று கதவை மீண்டும் திறந்தார்கள். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு, வெளிநாடுகளில் நடக்கும் ஆய்வுகள் ஹெல்சிங்கியைப் பின்பற்றவேண்டும் என்ற நிபந்தனையையே 2008இல் எடுத்துவிட்டது.

இதற்கிடையில் விலை விழுந்தது. 2001இல் இந்தியாவின் சிப்லா கம்பனி மூன்று மருந்துகள் கொண்ட சிகிச்சையை ஒருவருக்கு வருடத்துக்கு 350 டொலர் என்ற கணக்கில் தரத் தயார் என்றது. அப்போது மேற்கில் அதன் விலை பத்தாயிரம் டொலரைத் தாண்டியிருந்தது. சர்வதேச நிதியமும் உருவாயிற்று. 2011இல், தொற்றுள்ள கர்ப்பிணிகள் அனைவருக்கும் வாழ்நாள் முழுவதும் மூன்று மருந்துச் சிகிச்சை என்ற திட்டத்தை உலகில் முதலாவதாகத் தொடங்கிய நாடு மலாவி; 1997இல் அறுநூறு மடங்கு என்று கணக்குக் காட்டப்பட்ட அதே மலாவி. குழந்தைக்குத் தொற்றாமலிருக்கப் பிரசவம் வரை தாய்க்குக் கொடுத்துவிட்டு நிறுத்தும் மருந்தல்ல இது. பால் கொடுத்து முடிந்த பின்னரும், அந்தப் பிள்ளை பள்ளிக்கூடம் போகும் வயதிலும், தாய் தன் உயிருக்காகவே எடுத்துக்கொள்ளும் மருந்து.